வெள்ளைத் தாளுக்கும் சேர்த்து நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அதே வெள்ளத் தண்ணீரில்தான் நின்றீர்கள். வீட்டைக் கழுவி முடித்தாயிற்று. கை கொஞ்சம் ஓய்ந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். தள்ளிப்போட்டால் எழுதாமலே போய்விடும்.

படகு கொண்டுவந்தவர்கள், பெரியவர்களுக்கு மருந்து தேடி அலைந்தவர்கள், மின்கம்பத்தில் ஏறியவர்கள், நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியபோது அடைத்த சாக்கடையைத் திறந்துவிட்ட துப்புரவுப் பணியாளர்கள், எல்லோருக்கும் நன்றி. முந்தின நாளே தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் கத்திவிட்டுப் போனவர்களுக்குத் தனியாக ஒன்று. 24 மணி நேரத்துக்கு முன்னால் எச்சரிக்கை கிடைத்தால் சேதத்தை 30 சதவீதம் குறைக்கலாம் என்று, மாறும் காலநிலைக்கு ஏற்ப எப்படித் தயாராவது என்று ஆராய்ந்த தகவமைப்புக்கான உலக ஆணையம் 2019-ல் கணக்குச் சொன்னது. எங்கள் வீட்டில் அந்த எச்சரிக்கையால்தான் அப்பாவை முன்கூட்டியே முகாமுக்குக் கொண்டுபோக முடிந்தது.

ஆனால் இந்த மடல் முக்கியமாக நூலகர் அக்காவுக்கு.

முகாமாக இருந்த பள்ளிக்கு நாங்கள் கொண்டுபோனது ஒரே ஒரு பை. பத்திரம், மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாம் அதற்குள். தண்ணீர் அதற்குள்ளும் போயிருந்தது. வெயில் வந்ததும் காயவைக்கலாம் என்று மூலையில் வைத்திருந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இரண்டு நாளில் பூஞ்சை பிடிச்சிடும், இப்பவே எடுங்க" என்றார். கொஞ்சம் அதட்டல்தான். யாரோ செய்தித்தாளை நீட்டியதற்கும் அதட்டல்: மை ஒட்டிக்கொள்ளுமாம். தலைமையாசிரியரிடம் பேசி, தேர்வுக்காக வைத்திருந்த வெள்ளைத் தாள் கட்டுகளைப் பிரிக்க வைத்தார்.

பிறகு அவர் செய்ததை அருகில் இருந்து பார்த்தேன். ஒட்டிக்கிடந்த பத்திரத்தை இழுக்கவில்லை. கட்டை அப்படியே ஒரு தட்டில் வைத்து, ஓரத்திலிருந்து விரல் நுனியால் ஒவ்வொரு பக்கமாகத் தளர்த்தி, இடையில் வெள்ளைத் தாளை நுழைத்தார். தாள் ஈரத்தை உறிஞ்சியதும் எடுத்துவிட்டு வேறு தாள். படங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்க விடவில்லை; ஈரம் இருக்கும்போதே பிரித்து, முகம் மேலே தெரிய பெஞ்சில் பரப்பினார். மின்விசிறி ஓடியது, ஆனால் நேராகக் காகிதத்தைப் பார்த்து இல்லை. லேமினேட் செய்த ஒரு சான்றிதழை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. நேரம் போதாதவர்களிடம், "பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்க, பூஞ்சை வளராது, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

இதெல்லாம் அவருடைய வேலையே இல்லை. முகாம் பணிக்குப் போட்ட பட்டியலில் அவர் பெயர் இருந்ததாகவும் தெரியவில்லை.

நிவாரண வரிசையில் நின்றபோதுதான் அந்தக் காகிதங்களின் மதிப்பு உறைத்தது. வீடு போனதை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தாலும், வீடு இருந்தது என்பதற்குக் காகிதம் கேட்கிறார்கள். என் பத்திரம் சுருங்கித்தான் இருந்தது, ஆனால் முத்திரை தெரிந்தது. வாங்கிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்றவர் நகலுக்கு எங்கே மனு கொடுப்பது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து இந்தக் கணக்குதான் மண்டையில் ஓடுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அது கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. பூமியோ சூடாகிக்கொண்டே போகிறது. ஆகவே இந்த வெள்ளம் ஒருமுறையோடு முடிகிற விஷயம் இல்லை. செலவை யார் ஏற்பது என்று உலக அளவிலும் பேசுகிறார்கள். 2022-ல் எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், காலநிலை மாற்றத்தால் வரும் இழப்பு, சேதத்துக்கென ஒரு நிதியம் அமைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. சரி, நல்லதுதான். ஆனால் எந்த நிதியமானாலும் பாலம், சாலை, மின்மாற்றி என்று பட்டியல் போடுவது சுலபம். நாங்கள் வகுப்பறையில் படுத்திருந்தபோது பிள்ளைகளுக்குப் போன பாடத்தையும், தேர்வுக்கு இல்லாமல் போன தாள் கட்டுகளையும், அக்கா தூங்காத இரவுகளையும் எந்தத் தலைப்பில் எழுதுவார்கள்? அதுவும் பொதுச் செலவுதான். ரசீது இல்லாததால் செலவே ஆகவில்லை என்று ஆகிவிடுகிறது.

தாள் கட்டுகளை நானும் சில பெற்றோரும் சேர்ந்து பள்ளிக்குத் திருப்பி வாங்கிக் கொடுக்கிறோம். பழுதுபார்ப்புச் செலவைப் பற்றி உள்ளாட்சிக் கூட்டத்தில் பேசும்போது, முகாமாக இருந்த பள்ளிக்கும் நூலகத்துக்கும் ஒரு தொகை எழுதச் சொல்லிக் கேட்கப்போகிறேன். தட்டிக்கழித்தால் அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

ஃப்ரீசரில் காகிதம் வைத்திருப்பவர்கள் வரும் சனிக்கிழமை காலை நூலகத்துக்கு வாருங்கள். அக்கா இருப்பார், உதவிக்கு நானும் இருப்பேன். பையைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். தயவுசெய்து யாரும் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துவிடாதீர்கள்.