வசந்திக்கு, பாட்டில் விஷயமா

அடியே வசந்தி,

உன் வாய்ஸ் மெசேஜ்ல நீ பேசினது பாதி, பேரன் கத்தினது பாதி. நம்ம ஹாஸ்டல் வார்டன் தோத்தாங்க போ. இங்கே எல்லாரும் சௌக்கியம். கோமதி சீட்டுப் பணத்தை இன்னும் தரலை, அது தனிக் கதை.

பேரன் பாட்டில் பால் குடிச்சிட்டு வயித்துல காத்து சேர்ந்து அழறான், என்ன மருந்து குடுக்கலாம்னு கேட்டிருக்கே. மருந்துக்கு முன்னாடி பாட்டிலைப் பாரு. பாட்டில்ல குடிக்கிற பிள்ளைக்கு வர்ற காத்துல பெரும்பங்கு அவன் விழுங்கினதுதான். கடைக்காரர் சொன்னார்னு பால் மாவை மாத்திக்கிட்டே இருக்காதே.

பாட்டிலைக் கவிழ்த்துப் பிடி. பால் சொட்டுச் சொட்டா விழணும். கம்பியா ஒழுகினா ஓட்டை பெரிசு, மூச்சு விட நேரமில்லாம மடக்கு மடக்குனு குடிப்பான். சொட்டவே இல்லைன்னா இழுத்து இழுத்துக் காத்தைத்தான் குடிப்பான். உன் மாப்பிள்ளை ஊசியைச் சுட்டு ஓட்டை போட்டாரே, அந்த நிப்பிளைத் தூக்கிப் போடு. இன்ஜினீயர் புத்தியை ஆபீஸ்ல காட்டட்டும். குடிக்கும்போது நிப்பிள் சப்பையா ஒட்டிக்கிட்டா மூடி இறுகியிருக்குன்னு அர்த்தம், லேசாத் தளர்த்து. பாட்டிலுக்குள்ள சின்னச் சின்னக் குமிழ் ஏறிக்கிட்டே இருந்தா சரியாப் போகுது.

கலக்கும்போது முதல்ல தண்ணி, அப்புறம்தான் மாவு. பெரும்பாலான டப்பாவுல 30 மில்லிக்கு ஒரு ஸ்கூப், தலை தட்டி. உன் டப்பாவுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுக்கோ. ‘பிள்ளை தேறட்டும்’னு ஒரு ஸ்கூப் கூடப் போட்டா மலம்தான் இறுகும். குலுக்கினா நுரை வரும், அந்த நுரையும் காத்துதான். சுழட்டிக் கலக்கிட்டு, நுரை அடங்கினதும் குடு.

வேளைக்கு 120 மில்லி குடுக்கறேங்கறியே, அதுவே அதிகம். ஒரு நாளைக்கு, எடையில கிலோவுக்குச் சுமார் 150 மில்லின்னு கணக்கு. அவன் நாலு கிலோ, அப்போ 600 மில்லி. எட்டு வேளைன்னா வேளைக்கு 75 தான் வருது. முகத்தைத் திருப்பினா மிச்சத்தைக் கொட்டிடு, திணிக்காதே.

படுக்க வெச்சுக் குடுக்காதே. தலை உசந்து சாஞ்ச மாதிரி மடியில வெச்சுக்கோ. பாட்டிலைக் கிட்டத்தட்ட படுக்கையாப் பிடி, நிப்பிள்ல பால் நிரம்பியிருந்தா போதும். பாதியில நிறுத்தி ஏப்பம் எடு. தோள்ல போட்டுத் தட்டு, இல்லைன்னா மடியில உட்கார வெச்சுத் தாடையைத் தாங்கிக்கிட்டு முதுகைத் தடவு. தாங்கறது தாடையை, தொண்டையை இல்லை. ரெண்டு மூணு நிமிஷத்துல வரலைன்னா விட்டுடு, அறைஞ்சு வரவழைக்க வேண்டாம். குடிச்சு முடிச்சதும் இருபது நிமிஷம் நிமிர்த்தித் தோள்லயே வெச்சிரு. வயித்தைக் கடிகார முள்ளு சுத்தற பக்கமா தேய்ச்சு, காலைச் சைக்கிள் மாதிரி மடக்கி நீட்டலாம். பால் குடிச்ச உடனே செய்யாதே, கக்கிடுவான்.

இப்போ உன் மாமியார் விஷயம். பேர் சொல்லாததை, அதான் வசம்பை, சுட்டு உரைச்சு நாக்குல தடவறாங்கன்னு சாவகாசமாச் சொல்றே! வசந்தி, இதை விளையாட்டாச் சொல்லலை, இன்னைக்கே நிறுத்து. அதுல இருக்கிற பீட்டா அசரோன் நச்சுப் பொருள். அமெரிக்காவுல 1968லேயே வசம்பை உணவுல சேர்க்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. கையில கட்டின வசம்பு வளையலையும் கழட்டு, நாளைக்கு வாயில வைப்பான். ஒரு வயசு வரைக்கும் தேன் கூடவே கூடாது. ஓம வாட்டரும் விளக்கெண்ணெயும் வேண்டாம். கிரைப் வாட்டர் குடிச்சு அந்தக் காலத்துல நாமெல்லாம் தூங்கினது அதுல இருந்த ஆல்கஹாலாலும்தான். டாக்டர் எழுதிக் குடுத்தா சிமெத்திகோன்ங்கற வாயு மருந்துச் சொட்டு குடு, பெரிசா எதிர்பார்க்காதே. மாமியார் கோவிச்சுக்காம இருக்க, தொப்புள் ஆறியிருந்தா பெருங்காயப் பத்தை அதைச் சுத்தி வெளியே மட்டும் போடட்டும், அவங்களுக்கும் ஒரு வேலை ஆச்சு.

இதெல்லாம் செஞ்சும் சாயங்காலம் வீல்னு அழலாம். ஆறாவது வாரத்துல அழுகை உச்சத்துக்குப் போகும், மூணு நாலு மாசத்துல தானா அடங்கும். ஆனா பச்சையா வாந்தி, பீய்ச்சி அடிக்கிற வாந்தி, மலத்துல ரத்தம், கல்லா உப்பின வயிறு, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், எடை ஏறாம நிக்கிறது, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் என்னைக் கேட்டுக்கிட்டு இருக்காதே, ராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு.

பாட்டிலைக் கவிழ்த்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பு, ஓட்டையைப் பார்த்துச் சொல்றேன்.

உன்
மல்லிகா