ட்ரோன் காலத்திலும் மோர்ட்டார் வேண்டும்

ஐயா,

ட்ரோன்கள் வந்துவிட்டதால் காலாட்படையின் சிறு மோர்ட்டார்களுக்கு (குண்டை உயரே எறியும் குட்டைக் குழல் ஆயுதங்களுக்கு) இனி வேலையில்லை என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. துப்பாக்கிக் குண்டு ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் பாறைக்குப் பின்னால் பதுங்கியவரைத் தொடாது. 45 பாகைக்கு மேல் குழலை நிமிர்த்திச் சுடப்படும் மோர்ட்டார் குண்டோ உயரே எழுந்து, முகட்டைத் தாண்டி, மறுபுறச் சரிவில் ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. நம் படையின் 51 மி.மீ. குழல் விட்டமுள்ள மோர்ட்டாரை ஒருவரே சுமக்கலாம். ஆனால் அதன் வீச்சு ஒரு கிலோமீட்டரைக்கூட எட்டுவதில்லை என்பது பெருங்குறை. அமெரிக்காவின் 60 மி.மீ. எம்224 சுமார் 3.5 கிலோமீட்டர் எட்டுகிறது. மின்னணுத் தடையாலோ மூடுபனியாலோ ட்ரோன் முடங்கும் இடத்தில், பின்வரிசைப் பீரங்கிக்குக் காத்திராமல், பிளாட்டூன் எனும் சிறு படைப்பிரிவின் தலைவரது ஒரு சொல்லுக்குப் புகையும் வெளிச்சமும் வெடியும் தரக்கூடியது மோர்ட்டாரே.

தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் இடம்பெற்றுள்ளன. பம்ப் உறுப்புகளை வார்த்துப் பழகிய நம் வார்ப்படத் தொழிற்சாலைகளுக்கு மோர்ட்டார் குண்டின் கூட்டை வார்ப்பது எட்டாத வேலையன்று (தரச்சோதனை மிகக் கடுமையாக இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை). நீண்ட வீச்சுள்ள 60 மி.மீ. ரகத்தை அரசு தேர்ந்து, அதன் உற்பத்தியில் கொங்குப் பகுதிச் சிறுதொழில்களுக்கும் பங்கு அளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெருந்துறை.