இரண்டாம் பருவம்: சில செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வு முடிவுகள் திருப்தி தருகின்றன. கணக்கில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும் என்று வழக்கம்போல் சொல்லிவைக்கிறேன். விளையாட்டு விழா மழையால் தள்ளிப்போனாலும் சிறப்பாக நடந்தது. அறிவியல் கண்காட்சியில் ஒவ்வொரு மேசையிலும் நின்று பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. கட்டுரைப் போட்டியிலும் பேச்சுப் போட்டியிலும் பிள்ளைகள் பாராட்டுப் பெற்றார்கள். ஆசிரியர்கள் அனைவருக்கும் வாழ்த்துகள்.

அடுத்து, பூனை.

விஷயம் தெரியாத பெற்றோர் இருக்க மாட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு கதை மாறியிருக்கிறது என்று கேள்விப்படுவதால் முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன். மழை தொடங்கிய வாரத்தில் ஒரு கறுப்புப் பூனை சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் வந்து ஒண்டியது. வால் நுனி மட்டும் வெள்ளை. ஆகவே அதன் பெயர் சாக்பீஸ். அதற்கு ஒரு வீடு கட்ட அனுமதி வேண்டும் என்று ஏழாம் வகுப்பிலிருந்து மனு வந்தபோது நான் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. பூனை வளர்க்கும் பழக்கம் எனக்கு என்றுமே இருந்ததில்லை. ஆனால் மனுவோடு அளவுகள் குறித்த ஒரு படம் இருந்தது. எந்தப் பிள்ளைகளின் கணக்கைப் பற்றி மேலே குறைபட்டுக்கொண்டேனோ, அதே பிள்ளைகள் போட்ட படம்.

மரம் வாங்கித் தரச் சொல்லவில்லை. கிடங்கில் கால் உடைந்து கிடந்த பழைய பெஞ்சுகளைக் கேட்டார்கள். மரவேலை தெரிந்த தந்தை ஒருவர் தம் கருவிப் பெட்டியோடு இரண்டு சனிக்கிழமை வந்தார். முதல் சனிக்கிழமை முழுவதும் ஆணி பிடுங்குவதிலேயே போனது. சுத்தியலுக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தால் பலகை பிளக்காமல் ஆணி மேலே வரும் என்பதை அன்றுதான் நானும் கற்றேன். தலை முறிந்து உள்ளேயே நின்றுவிட்ட ஆணிகளை ஆய்வகத்துக் காந்தத்தைப் பலகைமேல் இழுத்துக் கண்டுபிடித்தார்கள். அப்படி ஒன்று கண்ணில் படாமல் போயிருந்தால் ரம்பத்தின் பல் போயிருக்கும். தெறித்திருந்தால் கண்ணே போயிருக்கலாம்.

வீடு சிறியதாக இருக்கிறதே என்று பலர் கேட்டீர்கள். வேண்டுமென்றேதான் அப்படி. உள்நீளம் 2 அடி, அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி. இடம் குறுகலாக இருந்தால்தான் பூனையின் உடல் சூடு உள்ளேயே தங்கும். பெரிதாகக் கட்டினால் அது வெறும் கூரைதான். வாசல் 6 அங்குலம். பூனைக்கு அது போதும், பெரிய நாய்க்குப் போதாது. பக்கவாட்டில் இன்னொரு வழி உண்டு, ஒன்றில் எதுவும் வந்து நின்றால் மற்றதில் ஓட. கால்கள் தரையிலிருந்து அரை அடி தூக்கி நிற்கின்றன. கூரை பின்பக்கம் சரிகிறது; கீல் வைத்திருப்பதால் திறந்து சுத்தம் செய்யலாம். உட்புறம் எந்தப் பூச்சும் கிடையாது. அடியில் வைக்கோல் பரப்பியிருக்கிறார்கள். பழைய துணி கொடுக்க முன்வந்தவர்கள் வருந்த வேண்டாம். துணி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நனைந்த துணிமேல் படுப்பதற்கு வெறும் பலகையே மேல்.

பின்சுவர்ப் பலகையில் பல வருடத்து மாணவர்கள் காம்பஸ் முனையால் செதுக்கிய பெயர்கள் அப்படியே இருக்கின்றன. அவர்களில் சிலர் இப்போது நம் பெற்றோர் சங்கத்தில் இருக்கிறார்கள். பெயர் சொல்லப் போவதில்லை.

வீடு முடிந்து ஒன்பது நாள் சாக்பீஸ் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. பொறுமை இழந்த ஒரு மாணவர் அதைத் தூக்கி உள்ளே தள்ளப் பார்த்துக் கையில் கீறல் வாங்கிக்கொண்டார். சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்கினோம். தெருப் பூனையின் கீறலோ கடியோ எவ்வளவு சிறியதானாலும் இதைத்தான் செய்ய வேண்டும். பிள்ளை திட்டுக்குப் பயந்து வீட்டில் மறைக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். பத்தாம் நாள் காலையில் சாக்பீஸ் தானாகவே உள்ளே படுத்திருந்தது.

இதுவரை நடந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அதற்குப் பிறகு நம் பள்ளி வாசலில் நடப்பதுதான் நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணம்.

செய்தி பரவியதும் மரம் வரத் தொடங்கியது. முதல் வாரம் புத்தகப் பையில் இரண்டு மூன்று துண்டுகள். அடுத்த வாரம் கதவு, ஜன்னல் சட்டம், கட்டில் கால், ஒரு முழு அலமாரி. வீட்டில் வீணாகக் கிடப்பது ஓர் உயிருக்குப் பயன்படட்டும் என்ற எண்ணத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் இரவில் மதில் ஓரம் இறக்கிவைத்துவிட்டுப் போகும் மரத்தில் ஆணி இருக்கிறது. நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒன்று காலில் ஏறியது. டெட்டனஸ் ஊசி போட்டோம். இப்போது நலமாக இருக்கிறாள்.

ஆணி இல்லாத மரங்களிலும் எல்லாமே உதவும் என்றில்லை. மிகப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது அந்தத் தூள் பிள்ளைகளின் மூச்சில் போகும், வளரும் மூளைக்கு அது பெருங்கேடு. கரையான் அரிக்காமலிருக்க மருந்தேற்றிய, பச்சை சாயல் கொண்ட பழைய மரங்களில் ஆர்சனிக் இருக்கலாம். சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் வைக்கும் பேலட் கட்டைகளில் ஒரு முத்திரை இருக்கும்: எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். அழுத்திச் செய்த மரத்தூள் பலகை ஒரு மழைக்குத் தாங்காது, ஊறி உப்பிவிடும். வந்த அலமாரி அந்த வகைதான். அதை அப்புறப்படுத்தக் காவலாளியும் இரண்டு ஆசிரியர்களும் ஒரு மதிய இடைவேளையை இழந்தார்கள்.

ஆகவே இனி மரம் வேண்டாம். பையிலும் வேண்டாம், வாசலிலும் வேண்டாம். தேவைப்பட்டால் நாங்களே எழுதிக் கேட்போம்.

தீனி பற்றியும் ஒரு சொல். கொட்டகை ஓரத்தில் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பிள்ளைகள் முறைவைத்து வைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துக் கழுவிவிடுகிறார்கள். வீட்டுக்குள்ளேயே தீனி வைத்தால் எறும்பு வரும், வேறு விலங்குகளும் வரும். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். யாரோ நல்ல எண்ணத்தில் வீட்டைச் சுற்றி ஃபினாயில் ஊற்றியிருந்தீர்கள். பூனை தன் பாதத்தை நக்கும் பிராணி, அதன் ஈரலால் அந்த நஞ்சை முறிக்க முடியாது. நாஃப்தலீன் உருண்டையும் அப்படியே.

இனி எழுதப்போவதை எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, வாசலில் டேப் ஒட்டி மூடிய ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. மரத்துண்டு என்று நினைத்து அதைத் திறந்தது, எல்லோருக்கும் முன்பாக வந்துவிட்ட ஓர் ஆறாம் வகுப்புக் குழந்தை. உள்ளே மூன்று குட்டிகள். கண் திறக்கவில்லை, அப்படியென்றால் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. ஒன்று இறந்திருந்தது.

அந்த வயதுக் குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் வேண்டும், தாயின் சூடு வேண்டும். பலகையால் கட்டிய எந்த வீடும் அதைத் தராது. நம் பள்ளியில் இருப்பது ஒரு பூனைக்கான ஒரு பெட்டி. அது பூனைக் காப்பகம் அல்ல. பெட்டியை வைத்தவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கப் போவதும் இல்லை. நம் பெற்றோரில் ஒருவராக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இன்னொரு முறை நடந்தால் கொட்டகைப் பக்கத்தை மூடிவிட்டு, சாக்பீஸுக்கு வேறு இடம் பார்ப்பேன். ஏழாம் வகுப்பிடமும் அதைச் சொல்லிவிட்டேன். அவர்கள் எதுவும் பேசவில்லை. அன்று நான் மதிய உணவு சாப்பிடவில்லை.

வீட்டில் குட்டி போட்டிருந்தால், கண் திறந்து தானே தின்னும்வரை தாயோடு விடுங்கள். பிறகு என்ன செய்வதென்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள். பூனையின் கர்ப்பகாலம் ஏறக்குறைய ஒன்பது வாரம்தான், குட்டியே நான்கு மாதத்தில் சூல்கொள்ளலாம். சாக்பீஸின் இடது காது நுனி வெட்டுப்பட்டிருப்பதைப் பார்த்து யாரோ கொடுமை செய்துவிட்டார்கள் என்று சில பிள்ளைகள் அழுதார்களாம். அது மருத்துவர் வைத்த அடையாளம். கருத்தடை ஆன தெருப்பூனை என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காகப் பல நாடுகளில் செய்வது. மயக்கத்தில் இருக்கும்போது செய்ததால் அதற்கு வலி தெரிந்திருக்காது என்று சொல்லுங்கள்.

மற்ற இரண்டு குட்டிகளையும் ஒரு தாயார் தம் வீட்டுக்குக் கொண்டுபோய் இரவும் பகலும் ஊட்டி வளர்த்தார். இரண்டும் இப்போது நன்றாக இருக்கின்றன. தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருக்கும், இரண்டு சனிக்கிழமைகளைத் தந்த அந்தத் தந்தைக்கும், சிறுவர் விளையாடும் மணல் குழிக்குப் பூனை போகாமலிருக்கத் தினமும் மாலையில் தார்ப்பாய் போட்டு மூடும் காவலாளிக்கும் பள்ளியின் சார்பில் நன்றி. மரம் அனுப்பிய எல்லோருக்கும்கூட நன்றி, அலமாரி அனுப்பியவர் உட்பட.

மூன்றாம் பருவத்தின் கால அட்டவணை தனியே வரும். விடுமுறையில் தீனி வைக்கும் முறைக்கு இன்னும் இரண்டு குடும்பங்கள் தேவை; விருப்பமுள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்

பி.கு.: மரப்பிடியில் நீலப் பெயிண்ட் அடித்த சுத்தியல் ஒன்று கிடங்கில் இருக்கிறது. கருவிப் பெட்டிக்காரர் தம்முடையது இல்லை என்கிறார். உரியவர் பகலில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.