நியூயார்க் விமானமும் என் டாக்சிக் காசும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

விடுமுறைப் பயணப் பக்கத்தில் எந்த ஊர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். சிங்கப்பூர் – நியூயார்க் வரியைப் படித்ததும் பழைய புண்ணைக் கீறிவிட்டது போல் இருந்தது.

15,349 கிலோமீட்டர், 17 மணி நேரம். தூரம் சரிதான். நேரம், யாரோ அந்தத் தூரத்தை 900ஆல் வகுத்துப் போட்டது. சென்ற ஜூனில் ஓர் இணையதளத்தில் இதே 17ஐப் பார்த்து நானும் ஏமாந்தேன். மகள் அங்கே படிக்கிறாள், திங்கள் இரவு பத்தரைக்கு கென்னடி விமான நிலையத்தில் புறப்படுகிறேன் என்றாள். நான் பத்தரையோடு 17ஐக் கூட்டி, செவ்வாய் பிற்பகல் மூன்றரை என்று முடிவுகட்டி, டாக்சி பிடித்து, மனைவி கட்டிக்கொடுத்த இட்லியோடு நம் சாங்கி விமான நிலையத்தில் போய் நின்றேன். வருகைப் பலகையில் நியூயார்க்கே இல்லை. பக்கத்தில் நின்ற பையன் கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள், அது இன்னும் அட்லாண்டிக் கடலையே தாண்டவில்லை” என்றான்.

நியூயார்க் நம்மைவிட 12 மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் 13. அதை மறந்தது என் தப்பு. ஆனால் அதைச் சேர்த்திருந்தாலும் புதன் விடிகாலை மூன்றரைக்கு வந்து நின்றிருப்பேன். மகள் வந்து சேர்ந்ததோ ஐந்தேகாலுக்கு மேல். பயணச்சீட்டில் 18 மணி 50 நிமிடம் என்று தெளிவாகப் போட்டிருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது? வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட வடதுருவத்தைத் தொட்டுக்கொண்டு போகும். 15,349 என்பது அந்த நூலின் நீளம்தான். விமானம் காற்றைப் பார்த்துப் போகிறது. இங்கிருந்து போகும்போது பெரும்பாலும் பசிபிக் மேலே, மேற்கிலிருந்து அடிக்கும் காற்று பின்னால் தள்ள; திரும்பும்போது பல நாள்களில் அட்லாண்டிக் வழியாக, அதுவும் கிழக்கு நோக்கியே. போகவும் கிழக்கு, வரவும் கிழக்கு, உலகத்தையே ஒரு சுற்று! ஆக, பறக்கும் தூரம் நூலைவிட நீளம். அதோடு சீட்டில் போடும் நேரம் விமானம் வாசலை விட்டு நகர்வதிலிருந்து அந்தப் பக்கம் வாசலில் போய் நிற்கும்வரை உள்ள கணக்கு, ஓடுபாதையில் ஊர்வதும் அதில் சேர்த்தி.

அப்புறம், அந்த வரியில் எகானமி கட்டணம் வேறு போட்டிருந்தீர்கள். இந்த நேரடிச் சேவைக்கென்றே செய்த ஏர்பஸ் ஏ350ல் அந்த வகுப்பே கிடையாது. 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, மொத்தம் 161 இருக்கைதான். 165,000 லிட்டர் எரிபொருள் ஏற்ற வேண்டுமே, ஆளைக் குறைக்காமல் என்ன செய்வார்கள்? எகானமிதான் வேண்டுமென்றால் ஃபிராங்ஃபர்ட் போல நடுவில் எங்காவது இறங்கி ஏற வேண்டும்.

அடுத்த முறை அட்டவணை போடும்போது போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். வந்து சேரும் கிழமையையும் போடுங்கள், திங்கள் இரவு கிளம்பினால் புதன் காலை என்று. மகள் டிசம்பரில் மறுபடி வருகிறாள். இந்த முறை 13ஐக் கூட்டி நாள்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறேன், மனைவி அதையும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தோ பாயோ