ஹாப் குறைந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் இணையக் கட்டுரையில், ‘எந்த வழியில் ஹாப் குறைவோ அதையே ரவுட்டர் தேர்ந்தெடுக்கும்’ என்று ஒரு வரி வருகிறது. ரவுட்டர் என்பது டேட்டாவுக்கு வழி காட்டும் கருவி; ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்கு டேட்டா தாவும் ஒவ்வொரு கட்டமும் ஒரு ஹாப். மும்பையில் நெட்வொர்க் வேலை பார்ப்பவன் என்பதால், அதை அப்படியே விட மனம் வரவில்லை.

ஹாப் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது ‘ரிப்’ என்ற பழைய நெறிமுறை, அதாவது ரவுட்டர்கள் வழி தேடப் பின்பற்றும் விதித்தொகுப்பு. 15 ஹாப் வரை ஒப்புக்கொள்ளும். 16 என்றால் வழியே இல்லை என்று கைவிரித்துவிடும். லைனின் வேகம் அதற்குத் தெரியாது. சயானிலிருந்து தாணே போக, மழைத்தண்ணீர் தேங்கிய சாலையில் ஒரே டாக்சியில் உட்கார்ந்திருப்பதுதான் அதன் கணக்கில் நல்ல வழி. குர்லாவில் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலுக்கு மாறினால் ஒரு ஹாப் கூடிவிடுமே!

அப்புறம் வந்த ‘ஓஎஸ்பிஎஃப்’ என்ற நெறிமுறை வேகத்தையும் பார்க்கிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ‘காஸ்ட்’, அதாவது செலவு மதிப்பு. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறைப்படி கூட்டி, குறைந்ததை எடுக்கும். பெரிய அலுவலகங்களுக்குள் இது போதும்.

ஆனால் கட்டுரை பேசுவது இணையத்தைப் பற்றி. அங்கே நிறுவனங்களுக்கு இடையே வழி சொல்வது ‘பிஜிபி’ என்ற இன்னொரு நெறிமுறை. அதுவும் எண்ணத்தான் செய்கிறது. ரவுட்டர்களை அல்ல, கடந்துபோகும் நெட்வொர்க்குகளை. அந்த எண்ணிக்கைக்கு முன்பே ‘லோக்கல் பிரிஃபரன்ஸ்’ என்று ஒன்று பார்க்கப்படும். அது நிர்வாகி போட்டுவைப்பது. பொதுவாக, நமக்குக் காசு தரும் வாடிக்கையாளரின் வழிக்கு முதலிடம், நாம் காசு கொடுக்க வேண்டிய வழிக்குக் கடைசி இடம். சுற்றுவழியானாலும் சரி! அந்தேரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் இரண்டு நிறுவனங்களுக்குள் ஒப்பந்தம் இல்லையென்றால், டேட்டா சிங்கப்பூர் போய்த் திரும்பி வரவும் கூடும். உள்ளூர் டேட்டா இப்படி வெளிநாடு சுற்றாமல் இருக்கத்தான் 2003இல் ‘நிக்சி’ என்ற இணைப்பு மையம் தொடங்கப்பட்டது.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவாரானால் 2008 பிப்ரவரி சம்பவத்தையும் சேர்க்கலாம். யூடியூபை உள்நாட்டில் தடுக்க பாகிஸ்தான் டெலிகாம் போட்ட வழி வெளியே கசிந்து, உலகின் பல பகுதிகளில் யூடியூப் முடங்கியது. எண்ணிக்கை பார்த்து எந்த ரவுட்டரும் அன்று ஏமாறவில்லை. ஒரே முகவரிக்கு இரண்டு வழி இருந்தால், சிறிய முகவரித் தொகுதியைக் குறிப்பிடும் வழிக்குத்தான் ரவுட்டர் போகும். பாகிஸ்தானிலிருந்து வந்தது அப்படிப்பட்ட அறிவிப்பு.

அன்புடன்,
நெட்வொர்க் பொறியாளர் ஒருவர்,
சயான், மும்பை