துப்பறியும் கதையும் இதமான கதையும்: நம் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், நமக்கு இடம் கொடுத்துவரும் கிளை நூலகரம்மாவுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலாளரின் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மாதம் க்ரைம் நாவல், அடுத்த மாதம் மனசுக்கு இதம் தரும் நாவல் என்று மாற்றி மாற்றி வாசிப்பது என்று தீர்மானித்தோம். எதிர்ப்பும் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் வாங்கி, பயணம் முடிந்ததும் இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்குகிற கதைகளுக்கெல்லாம் ஒரு கூட்டமா என்று சில மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டது வட்டத்தின் மேல் உள்ள அக்கறையால்தான். அந்த அக்கறைக்கு உரிய மரியாதையோடு, இந்த ஆண்டு நாம் வாசித்ததை வைத்தே பதில் சொல்ல முயல்கிறேன்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அதில் ஒன்று. எந்த நூல் உயர்ந்தது என்று அந்த விதி பேசவில்லை. எந்த வாசகர் வெறுங்கையோடு திரும்பிப் போகிறார் என்று பார்க்கச் சொல்கிறது. வாசிப்பை விட்டே போயிருந்த பல உறுப்பினர்கள் இந்த ஆண்டு திரும்ப வந்தார்கள். அதற்குக் காரணம் இந்தப் புத்தகங்கள்.

வாசித்துக்கொண்டே போகும்போது ஒன்று புலப்பட்டது. கொலையைத் துப்பறிகிற கதையும் மனதைத் தேற்றுகிற கதையும் எதிரெதிர்த் துருவங்கள் என்று நினைத்துத்தான் மாற்றி மாற்றி வைத்தோம். ஆனால் எங்களுக்கு மிகவும் பிடித்தவை எல்லாமே ஒரே இடத்தில் போய் நின்றன: பக்கத்து வீட்டில் இருப்பவரை யார் கவனிக்கிறார்கள் என்பதில்.

இதற்கு முதல் சான்று ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோ. ஒசாகாவில் பிறந்தவர், மின்பொறியியல் படித்து ஒரு நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். 2005இல் வெளிவந்த 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலுக்கு ஜப்பானின் நவோகி பரிசு கிடைத்தது. கரீனா கபூர் நடித்து 2023இல் வந்த 'ஜானே ஜான்' இந்தக் கதைதான் என்றால் பலருக்கும் புரியும். கொலை செய்தது யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. மதிய உணவுப் பொட்டலம் விற்கும் கடையில் வேலை பார்க்கும் யசுகோ என்ற பெண், தன்னையும் மகளையும் விடாமல் துரத்தும் முன்னாள் கணவனைத் தன் வீட்டிலேயே கொன்றுவிடுகிறாள். பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் கணக்கு வாத்தியார் இஷிகாமி, தானாக வந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அப்புறம் நடப்பது ஒரு கணித மேதைக்கும், அவருடைய கல்லூரிக்கால நண்பரான இயற்பியல் பேராசிரியர் யுகாவாவுக்கும் இடையிலான போட்டி.

இந்த நாவலுக்கு ஒரு கூட்டம் போதவில்லை, அடுத்த வாரமும் கூடினோம். இஷிகாமி செய்தது அன்பா, இல்லை யசுகோவின் சம்மதம் இல்லாமல் அவள் வாழ்க்கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டதா? ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இஷிகாமியின் பக்கம் நின்று கண் கலங்கப் பேசினார். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவர் எழுந்து, "சார், அந்த அம்மாகிட்ட யாருமே ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். எனக்கு அந்தப் பெண் சொன்னதே சரியென்று படுகிறது. ஆனாலும் அந்த வாத்தியாரை வெறுக்க முடியவில்லை. ஹிகாஷினோவின் திறமை அங்கேதான் இருக்கிறது.

இதே மனிதர்தான் 2012இல் 'தி மிராக்கிள்ஸ் ஆஃப் தி நமியா ஜெனரல் ஸ்டோர்' நாவலையும் எழுதினார். கொலைக் கதைக்கு அடுத்த மாதம் இதை வைக்கச் சொன்னவர் நம் நூலகரம்மா; இந்த ஆண்டின் சிறந்த யோசனை என்று அதைத் தயங்காமல் சொல்வேன். திருடிவிட்டு ஓடிவரும் மூன்று பையன்கள், மூடிக்கிடக்கும் ஒரு பழைய பலசரக்குக் கடையில் இரவு ஒளிந்துகொள்கிறார்கள். ஷட்டரில் இருக்கும் தபால் துவாரம் வழியாக ஒரு கடிதம் வந்து விழுகிறது. பல ஆண்டுகளுக்கு முன்னால் அந்தக் கடைக்காரர் நமியா, யார் எந்தக் கஷ்டத்தை எழுதிப் போட்டாலும் பதில் எழுதி, பின்பக்கத்துப் பால் பெட்டியில் வைப்பாராம். கடிதம் வருவது அந்தப் பழைய காலத்திலிருந்து.

முதல் கடிதம் எழுதுகிறவள் ஒரு விளையாட்டு வீராங்கனை. காதலன் பிழைக்கமாட்டான் என்ற நிலையில் இருக்கிறான். அவனோடு இருப்பதா, ஒலிம்பிக் பயிற்சிக்குப் போவதா? அவள் குறி வைத்திருப்பது 1980 மாஸ்கோ ஒலிம்பிக். ஜப்பான் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது என்பது பின்னால் வந்த இந்தப் பையன்களுக்குத் தெரியவருகிறது, அவளுக்குத் தெரியாது. எதிர்காலம் தெரிந்தவர்கள் சொல்லும் அறிவுரைகூட எவ்வளவு அரைகுறையானது என்பதை அந்த அத்தியாயம் காட்டுகிறது. பையன்களின் பதில் முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் அவர்களிடம் இதுவரை யோசனை கேட்டதில்லை; பதில் எழுத எழுத அவர்கள்தான் மாறுகிறார்கள்.

படிக்காமலே நூறு மார்க் வாங்க என்ன வழி என்று ஒரு சிறுவன் கேட்டதற்கு, உன்னைப் பற்றியே கேள்வித்தாள் தயாரிக்கும்படி ஆசிரியரிடம் சொல் என்று நமியா எழுதிய பதிலை வாசித்தபோது கூட்டமே சிரித்தது. அந்தப் பதில் நாவலில் பின்னால் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை வாசிக்காதவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

இதமான நாவல்களில் எல்லாமே எங்களுக்கு ஒட்டவில்லை. தோஷிகாசு கவாகுச்சியின் 'பிஃபோர் தி காஃபி கெட்ஸ் கோல்ட்' உலகமெங்கும் கொண்டாடப்படுகிறது. டோக்கியோவின் ஒரு சின்ன காபிக் கடையில் குறிப்பிட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் கடந்த காலத்துக்குப் போகலாம், காபி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும், போய் வந்தாலும் நிகழ்காலம் மாறாது. அந்தக் கடைசி நிபந்தனை அருமையான கற்பனை. ஆனால் விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்வது அலுப்பாக இருந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. முதலில் நாடகமாக எழுதப்பட்ட கதை என்று தெரிந்த பிறகு அது ஏன் என்று புரிந்தது.

ஸ்வீடனின் ஃப்ரெட்ரிக் பேக்மன் 2012இல் எழுதிய ஓவே என்ற சிடுசிடுப்பான மனிதரின் கதை அதைவிட ஆழமாக இறங்கியது. மனைவியை இழந்து, வாழ்ந்தது போதும் என்று முடிவெடுத்தவர். அவரை விடாமல் தொந்தரவு செய்வது எதிர்வீட்டுக்குக் குடிவந்த கர்ப்பிணிப் பெண் பர்வானே. ஏணி வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கார் ஓட்டக் கற்றுத்தர வேண்டும். உதவி கேட்பதே ஒருவருக்குச் செய்யும் உதவியாக ஆகிவிடும் என்று இவ்வளவு நேராகச் சொன்ன கதையை நான் சமீபத்தில் வாசிக்கவில்லை.

இரண்டு வகையும் ஒன்றாகக் கலந்த நாவல்களுக்குத்தான் கூட்டம் அதிகம் வந்தது. அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித் எழுதி 1998இல் தொடங்கிய போட்ஸ்வானா பெண் துப்பறிவாளர் வரிசை அதில் முதலிடம். அவர் அந்த நாட்டில் சட்டம் கற்பித்தவர். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்த அப்பா விட்டுப்போன மாடுகளை விற்று, கபரோனேயில் துப்பறியும் நிலையம் திறக்கிறார் பிரெஷஸ் ராமோட்ஸ்வே. துப்பாக்கி கிடையாது, சின்னஞ்சிறு வெள்ளை வேனும் புஷ் டீ என்ற மூலிகைத் தேநீரும்தான் கையிருப்பு. பல வருடம் கழித்து ஒரு பெண்ணின் வீட்டுக்கு, நான்தான் உன் அப்பா என்று வந்து உட்கார்ந்து சாப்பிடும் ஒருவரை அவர் சோதிக்கும் விதம் மரியாதை ராமன் தீர்ப்பு மாதிரியே இருக்கிறது என்று நம் பொருளாளர் சொன்னார். ராமோட்ஸ்வேயின் உதவியாளர் மக்குட்ஸி, செகரட்டேரியல் கல்லூரித் தேர்வில் 97 சதவீதம் வாங்கியதை எங்கே போனாலும் சொல்வார். தட்டச்சு ஹையர் பாஸ் செய்துவிட்டு வேலைக்கு அலைந்த நம் அம்மாக்களும் அத்தைகளும் அவரிடம் தங்களையே பார்த்தார்கள்.

ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' 2020இல் வந்தது. 2025இல் ஹெலன் மிர்ரன் நடித்துப் படமாகவும் வந்துவிட்டது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு முதியோர் குடியிருப்பு. எலிசபெத், ஜாய்ஸ், ரான், இப்ராகிம் என்ற நான்கு பேர் தீர்க்கப்படாத பழைய கொலை வழக்குகளை வாரந்தோறும் அலசுகிறார்கள். தன் தாயார் வாழும் அப்படிப்பட்ட குடியிருப்புக்குப் போய்வந்தபோதுதான் இந்த யோசனை வந்ததாக ஆஸ்மன் சொல்லியிருக்கிறார். வயதானவர்களை யாரும் கவனிப்பதில்லை. அதனாலேயே அவர்களால் எல்லாவற்றையும் கவனிக்க முடிகிறது. கோவையைச் சுற்றி இப்படிப்பட்ட குடியிருப்புகள் பெருகிவிட்டன, பிள்ளைகள் வெளிநாட்டில். அங்கிருந்து வந்த உறுப்பினர்கள் அன்று பேசியதை எல்லோரும் அசையாமல் கேட்டோம். கொலைகளைவிட, நினைவு மங்கிக்கொண்டே போகும் கணவனோடு எலிசபெத் நடத்தும் குடும்பத்தைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் பேசினார்கள்.

தமிழுக்கு வருகிறேன். சுஜாதாவின் 'நைலான் கயிறு' 1968இல் குமுதத்தில் வந்த காலத்தில் எடுத்து வைத்த பைண்டு புத்தகத்தை ஒருவர் கொண்டுவந்தார். ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தோம். நம் ஊர்க்காரரான ராஜேஷ்குமாருக்கு ஒரு மாதம் முழுவதையும் ஒதுக்கினோம். 1500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவரை எங்கிருந்து தொடங்குவது? அவரவர் வீட்டிலிருந்து ஒன்று, உக்கடம் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒன்று என்று ஏற்பாடு. இரண்டு தடங்களில் ஓடும் கதை கடைசியில் எப்படி ஒரு புள்ளியில் சேர்கிறது என்று பலகையில் வரைந்தே காட்டினார் ஓர் இளைஞர். ஒரு தலைமுறையையே எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தவை அந்தப் பாக்கெட் நாவல்கள். அதற்காக நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எழுத்தாளர் தேவனை வாசித்த மாதம் தனி மகிழ்ச்சி. ஆனந்த விகடனில் வந்த துப்பறியும் சாம்பு, துப்பறியும் கதையாகவும் இதமான கதையாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. வேலை போன வங்கி குமாஸ்தா, எதையோ தப்பாகச் செய்யப்போக, குற்றவாளி மாட்டிக்கொள்கிறான். அதே தேவன்தான் ஒரு கொலை வழக்கின் விசாரணையை 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' என்று முழு நாவலாக எழுதினார். 1957இல், 44 வயதுகூட நிறையாமல் போய்விட்டார். பாட்டிகளும் பேத்திகளும் சேர்ந்து வந்த ஒரே கூட்டம் சாம்பு கூட்டம்தான்.

நடைமுறை பற்றிச் சில வார்த்தைகள். ஆங்கிலத்தில் வாசிக்காத உறுப்பினர்களுக்காக, வாசித்தவர்கள் கதையைத் தமிழில் சொன்னார்கள். முதலில் கடைசி அத்தியாயத்தைத் தொடாமல் பேச்சு. தேநீருக்குப் பிறகு, முடித்தவர்கள் மட்டும் உள்ளே. போண்டா தட்டோடு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் பலர் அடுத்த வாரமே புத்தகத்தை முடித்துவிட்டு வந்தார்கள். கூட்டங்கள் மாலையில் நடப்பதால் கடையிலும் மில்லிலும் வேலை செய்கிறவர்கள் வர முடியவில்லை என்ற குறை நியாயமானது. ஞாயிறு காலைக்கு மாற்றலாமா என்று இன்று முடிவு செய்ய வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். புத்தகம் வாங்க நன்கொடை தந்தவர்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவர்களுக்கு நன்றி மட்டும் பதிவு செய்கிறேன்.

வரும் ஆண்டும் இதே ஏற்பாட்டைத் தொடரச் செயற்குழு பரிந்துரைக்கிறது. முதல் நாவல் செய்ச்சோ மாட்சுமோட்டோவின் 'பாயிண்ட்ஸ் அண்ட் லைன்ஸ்'. டோக்கியோ ரயில் நிலையத்தில் ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றைப் பார்க்க முடிகிற நான்கு நிமிட இடைவெளியை வைத்தே பின்னப்பட்ட வழக்கு அது. ரயில்வேயில் ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர், கால அட்டவணையை விளக்கிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜூலையில் கொடிசியாவில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்குச் சேர்ந்து போகவும், அங்கே வாங்குவதில் பாதியாவது தமிழில் இருக்க வேண்டும் என்றும் தீர்மானம் முன்மொழியப்பட்டுள்ளது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்