முதலில் கேபிளைக் கழற்று, மனே

களுவாஞ்சிகுடி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகனுக்கு,

பிரிண்ட் எடுக்க முடியாமல் நீ அனுப்பிய இரண்டு படமும் கிடைத்தன. ஐந்து கிழமைக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது அந்தப் படங்களும் "அம்மா, இது ஏன்?" என்ற ஒரு வரியும்தான். பரவாயில்லை, என்னிடம் கேட்டாயே. போனில் சொன்னால் பாதியில் "ஓம், ஓம்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதி, சின்னம்மாட மகன் செவ்வாய்க்கிழமை உதயதேவி ரயிலில் வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்.

எல்லாவற்றுக்கும் முதல் யுஎஸ்பி கேபிளைக் கழற்று. நான் செருகச் சொல்லும்வரை செருகாதே. வீட்டில் பிரிண்டரை ஓட்டுகிற டிரைவர் புரோகிராமைப் போடப் போய்ச் சிக்குகிறவர்கள் செய்கிற பிழை இதுதான். பிரிண்டரைச் செருகின உடனே விண்டோஸ் அதைக் கண்டுவிடும். தன்னிடம் இருக்கிற ஏதோ ஒரு டிரைவரைப் போடும், அல்லது டிரைவரே இல்லாமல் பெயரை மட்டும் பதிந்து வைக்கும். பிறகு நீ சரியான டிரைவரைக் கொண்டுவந்தாலும் பழைய பதிவு வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

முதல் படத்தில் பிரிண்டர் பெயருக்குக் கீழே "டிரைவர் இஸ் அனவெய்லபிள்" என்று இருக்கிறது. பிரிண்டர் பழுது என்று அர்த்தமில்லை. டிரைவர் என்பது மொழிபெயர்க்கிற ஆள். நீ அனுப்புகிற பக்கத்தை அந்த மெஷினுக்கு விளங்குகிற கட்டளையாக மாற்றுவது அதுதான். அந்த ஆள் இல்லை அல்லது பிழையான ஆள் நிற்கிறார் என்றுதான் விண்டோஸ் சொல்கிறது.

பிரிண்டர் நல்லதா என்று பார்க்க லப்டொப்பே தேவையில்லை. படத்தில் பார்த்தால் அதற்கு ஸ்கேனர் மூடி இருக்கிறது. மூடியைத் திறந்து கண்ணாடியில் ஏதாவது ஒரு தாளை வைத்துக் கறுப்புக் கொப்பிப் பொத்தானை அழுத்து. கொப்பி ஒழுங்காக வந்தால் மை, ஹெட், ரோலர் எல்லாம் சரி, பிழை முழுக்க லப்டொப் பக்கம். கொப்பியும் வராவிட்டால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எனக்குச் சொல்லு. டிரைவரோடு மல்லுக்கட்டிப் பிரயோசனமில்லை.

மறுகா, இரண்டாவது படம். வரிசையில் நிற்கிற வேலைகளைக் காட்டுகிற பெட்டி. என் பிரிண்ட் கடையில் நான் தினமும் பார்க்கிற பெட்டி என்பதால் உன் படத்தையும் கண் தானாகவே வாசித்துவிட்டது. ஒன்பது வரி. ஒன்பதும் ஒரே ஃபைல். பக்கம் என்ற கட்டத்தில் 2. அனுப்பிய நேரம் விடியப்புறம் 2.40, 2.43, 2.51, அப்படியே. முதல் கட்டத்தில் ஃபைலின் பெயர் இருக்கும். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

ஆனால் அந்த ஒன்பதையும் அப்படியே விட்டுவிட்டுச் சரியான டிரைவரைப் போட்டால் பதினெட்டுத் தாளும் ஒன்றன்பின் ஒன்றாக வரப் பார்க்கும். நீ இல்லாத நேரம் யாரும் பிரிண்டரைப் போட்டாலும் வரும். உன் அறையில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறானே. அதனால் முதலில் அதைத் துடை. பெட்டியில் "கேன்சல்" கொடுத்தால் "டிலீட்டிங்" என்று சொல்லிக்கொண்டு அங்கேயே நிற்கும். வேர் இருக்கிற இடத்தில்தான் பிடுங்க வேண்டும். தேடல் பெட்டியில் "சேர்விசஸ்" என்று அடித்துத் திற. "பிரிண்ட் ஸ்பூலர்" என்ற வரியில் (வேலைகளை வரிசையில் பிடித்து வைத்திருப்பது அதுதான்) வலது கிளிக் செய்து "ஸ்டொப்" கொடு. பிறகு சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற வரிசையில் உள்ளே போ. அனுமதி கேட்டால் "கன்டினியூ" கொடு. ஒரு வேலைக்கு இரண்டு ஃபைல், ஒன்று எஸ்பிஎல், மற்றது எஸ்எச்டி என்று முடியும். உனக்குப் பதினெட்டு இருக்க வேண்டும். பதினெட்டையும் அழி. ஃபோல்டரை அழிக்காதே, உள்ளே இருப்பதை மட்டும். திரும்பி வந்து ஸ்பூலருக்கு "ஸ்டார்ட்" கொடு.

2.40 மணி ஒரு நேரமா மனே? அந்த நேரத்தில் செய்கிற வேலை எதுவும் நேராக வராது. நேரத்துக்குச் சாப்பிட்டுப் படு. அப்பாவும் அதைத்தான் கேட்டார், கட்டிலை மாற்றினாயா என்றும் கேட்டார்.

இனிப் பழைய டிரைவரை அடியோடு எடுப்பது. செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ். உன் பிரிண்டரைத் திறந்து "ரிமூவ்" கொடு. "கொப்பி 1" என்று அதே பெயரில் இன்னொன்று இருந்தால் அதையும். இதோடு முடிந்தது என்று நினைக்காதே. பெயர்ப்பலகையைத்தான் கழற்றியிருக்கிறாய், ஆள் இன்னும் உள்ளேதான். விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் "ரன்" பெட்டி வரும். அதில் பிரிண்ட் என்ற சொல்லோடு யு, ஐ இரண்டு எழுத்தையும் ஒட்டி ஆங்கிலத்தில் அடி, இடைவெளி, ஸ்லாஷ் எஸ், இடைவெளி, ஸ்லாஷ் டி2 (printui /s /t2). டிரைவர்களின் பட்டியல் நேராகத் திறக்கும். உன் பிரிண்டர் பெயரைத் தெரிவுசெய்து "ரிமூவ்" கொடு. இரண்டு தெரிவு காட்டும். "டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்" என்பதை எடு. "இன் யூஸ்" என்று மறுத்தால் ஸ்பூலரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கி, உடனே திரும்பி வந்து எடு.

முதல் படத்தின் வலது மூலையில், மணிக்கூட்டுக்குப் பக்கத்தில், பச்சை நிறத்தில் ஒரு சின்னம் தெரிகிறது. டிரைவர் எல்லாவற்றையும் தானே புதுப்பித்துத் தருகிறேன் என்று இணையத்தில் வருகிற புரோகிராம். பிழையான டிரைவரைப் போட்டது அதுதான் என்று நினைக்கிறேன். ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் அதை முதலில் நீக்கு.

அதை இறக்கியதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். சொன்னது நான்தான். ஐந்து கிழமைக்கு முதல் நீ போன் எடுத்தபோது கடையில் தவணைப் பரீட்சைத் தாள் அடிக்க ஆட்கள் நின்றார்கள். "கூகிளில் பிரிண்டர் பெயரை அடி, முதல் வருவதை இறக்கிப் போடு" என்று சொல்லிவிட்டேன். கடைக்கு வருகிற யாருக்கும் நான் அப்படிச் சொல்வதில்லை. முன்பின் தெரியாதவர்களுக்குக்கூட மொடல் எண்ணைக் கேட்டு, கம்பனியின் சொந்தப் பக்கத்தைத் திறந்துகாட்டித்தான் அனுப்புவேன். என் பிள்ளைக்கு மட்டும் அந்த இரண்டு நிமிடத்தை நான் தரவில்லை. அதுகூடப் பெரிதில்லை. நீ "அம்மா, இன்னொரு கதை" என்று தொடங்கினாய். நான் "மறுகா எடுக்கிறன் மனே" என்று வைத்தேன். அன்று இரவு எடுக்கவில்லை. அடுத்த நாள் எடுத்திருக்கலாம், அன்றும் எடுக்கவில்லை. பிறகு நீயே எடுப்பாய் என்று இருந்துவிட்டேன். பிள்ளை சொல்ல வந்ததை வாசலில் நிற்க வைத்துக் கதவைச் சாத்தினது மாதிரி. அந்தப் பச்சைச் சின்னத்தைப் படத்தில் கண்டதிலிருந்து எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி. லப்டொப்பை இப்போது "ரீஸ்டார்ட்" செய். "ஷட் டவுன்" கொடுத்துத் திரும்பப் போடுவது ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருப்பதால் ஷட் டவுனில் பழைய நிலையின் ஒரு பகுதியை அது சேமித்து வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்டில்தான் முழுக்கப் புதிதாகத் தொடங்கும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இது உன் சொந்த லப்டொப்தானே? நீ வேலை செய்கிற வங்கி தந்தது என்றால் இதில் எதையும் செய்யாதே. அட்மின் பாஸ்வேர்ட் அவர்களிடம் இருக்கும், டிரைவர் போட விடாது. அதோடு அதில் நீ எழுதுவதும் அடிப்பதும் அவர்கள் பார்க்கக்கூடியவை. உன் சொந்த எழுத்தை உன் சொந்த மெஷினில் வைத்துக்கொள்.

புது டிரைவர் எடுக்க இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று மொடல் எண். முன்னால் இருக்கிற பெயரை நம்பாதே, ஒரே பெயரில் பல வகை வரும். பின்பக்கமோ அடியிலோ ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கரில் இருப்பதுதான் சரியான எண். மற்றது, செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் "சிஸ்டம் டைப்" என்ற வரி. விண்டோஸ் 11 என்றால் 64 பிட் மட்டும்தான். அந்த வரியில் "ஆர்ம்" என்று இருந்தால் சாதாரண டிரைவர் ஓடாது, ஆர்ம் வகைக்கு என்று தனியாகத் தந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். யாரோ விட்டுப்போன பிரிண்டர் என்றாய். ஸ்டிக்கர் உரிந்திருந்தால், கேபிளைச் செருகும் கட்டம் வந்த பிறகு டிவைஸ் மனேஜரில் அதன் ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ், "ஹார்ட்வேர் ஐடிஸ்" என்று பார். விஐடி என்ற எழுத்துகளுக்குப் பிறகு வருவது கம்பனியின் எண். 04ஏ9 கெனன், 04பி8 எப்சன், 03எஃப்0 எச்பி, 04எஃப்9 பிரதர்.

கம்பனியின் சொந்த சப்போர்ட் பக்கத்திலிருந்து மட்டும் இறக்கு. தேடலில் மேலே வருகிற விளம்பரத்தைத் தொடாதே. இதை இரண்டாம் முறையும் சொல்கிறேன், கம்பனியின் பக்கம் மட்டும். இறக்கிய ஃபைலில் வலது கிளிக் செய்து "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடு. அது கேபிளைச் செருகச் சொல்லி ஒரு படம் காட்டும். அந்தப் படம் வந்த பிறகுதான் செருக வேண்டும். ஹப்பில் செருகாதே, லப்டொப்பில் நேராகச் செருகு.

என் கடையிலிருந்து ஒன்றரை மீட்டரில் புதுக் கேபிள் ஒன்று வைத்திருக்கிறேன். உன் படத்தில் கட்டிலைச் சுற்றிப் போகிற அந்த நீளக் கேபிளை விட்டுவிடு. யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு ஐந்து மீட்டர்தான் எல்லை. மலிவான கேபிள் அதற்கு முதலே தடுமாறும். டிவைஸ் மனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு "கோட் 43" காட்டினால் டிரைவரைத் தேடி ஓடாமல் முதலில் கேபிளையும் துளையையும் மாற்றிப் பார். "கோட் 28" என்றால்தான் டிரைவர் இல்லை.

எல்லாம் போட்ட பிறகும் "ஓஃப்லைன்" என்று நிற்கலாம். பலர் இந்த இடத்தில் சலித்து எல்லாவற்றையும் திரும்ப அழிப்பார்கள். அழிக்காதே. விண்டோஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் யுஎஸ்பி001, யுஎஸ்பி002 என்று ஒரு போர்ட் பெயர் வைக்கும். நேற்று இடது பக்கத் துளை, இன்று வலது பக்கத் துளை என்று மாற்றினால் பிரிண்டர் 002இல் நிற்கும், டிரைவர் 001ஐப் பார்த்துக்கொண்டு இருக்கும். பிரிண்டர் ப்ராப்பர்டீஸில் "போர்ட்ஸ்" தாவலைத் திற. டிக் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று பார்த்து, உன் பிரிண்டர் பெயர் எழுதியிருக்கிற யுஎஸ்பி வரிக்கு மாற்று. "அப்ளை" கொடு. பத்து விநாடி வேலை. அதன் பிறகு எப்போதும் அதே துளையில் செருகு.

விண்டோஸ் 11இன் புதிய பதிப்பு என்றால் பிரிண்டர்ஸ் பக்கத்தில் "விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட்" என்று ஒன்று இருக்கும். அது போடப்பட்டிருந்தால் கம்பனி டிரைவர் எதையும் ஏற்காது. நிறுத்தி வை. அதே பக்கத்தில் "லெட் விண்டோஸ் மனேஜ் மை டிஃபோல்ட் பிரிண்டர்" என்பதையும் நிறுத்தி, உன் பிரிண்டரை டிஃபோல்ட் ஆக்கு. இல்லாவிட்டால் பிரிண்ட் கொடுத்ததும் எங்கே சேமிப்பது என்று கேட்டு பிடிஎஃப் ஆக வைத்துவிடும். தாள் அளவு லெட்டர் என்று இருந்தால் ஏ4 ஆக்கு. வைஃபையில் போடலாம் என்று யாரும் சொன்னால் இப்போது வேண்டாம்.

தமிழில் பாமினியில் அடித்த கடிதம் ஆங்கில எழுத்தாக வந்தால் அது டிரைவர் பிழையில்லை, அந்த எழுத்துரு லப்டொப்பில் இல்லை. பிடிஎஃபில் தமிழ் உடைந்து வந்தால் பிரிண்ட் பெட்டியில் "அட்வான்ஸ்ட்" உள்ளே "பிரிண்ட் அஸ் இமேஜ்" என்பதைத் தெரிவுசெய்.

இங்கே மாமாட விசயம் முடிந்தது. மற்றதெல்லாம் வழமைபோல. நீ வேலையில் சேர்ந்தபோது எடுத்த படம் கடையில் லெமினேட் செய்து மாட்டியபடியே இருக்கிறது. வருகிறவர்கள் கேட்பார்கள், நானும் சொல்வேன். அது என் பிள்ளையின் படம் என்பதால் மாட்டினேன் மனே, வங்கியின் பெயருக்காக இல்லை. அது எப்போதும் அங்கே இருக்கும்.

வெள்ளவத்தையில் எந்தச் சந்தியிலும் ஒரு கொமினிகேஷன் கடை இருக்கும், இரண்டு பக்கம் பிரிண்ட் எடுக்க ஐந்து நிமிடம் போதும். அப்படியிருந்தும் நீ ஏன் வீட்டில் எடுக்கப் பார்க்கிறாய் என்று எனக்கு விளங்காமலில்லை. என் கடைக்கு வருகிறவர்களும் சில கடிதங்களைக் கையால் மறைத்துக்கொண்டுதான் தருவார்கள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன்.

கேபிளோடு முந்திரிகைப் பருப்பு ஒரு பொதி இருக்கிறது, அதில் அறைப் பிள்ளைக்கும் கொடு.

முடிந்ததும் "பிரிண்ட் டெஸ்ட் பேஜ்" கொடு. வருகிற தாளில் டிரைவர் பெயரும் போர்ட் பெயரும் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பு, சரியா என்று பார்த்துச் சொல்கிறேன், விடியப்புறம் 2.40 என்றாலும் போன் பக்கத்திலேயே இருக்கும். மற்ற இரண்டு பக்கத்தை எனக்குக் காட்டத் தேவையில்லை. கொடுத்த பிறகு சொன்னாலும் சரி.

அம்மா